கார்டிலிருந்து கணினிக்கு: வெள்ளவத்தைக் கிளினிக் ஒன்றின் 14 மாதக் கணக்கு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குடும்ப வைத்தியராக இருக்கிறேன். பின்னேரம் 4 மணியிலிருந்து 8 மணி வரை 40 பேரளவில் பார்ப்பேன். 2022 ஜனவரியில் நோயாளர் கார்டுகளை விட்டு மின்பதிவுக்கு மாறினேன். 14 மாதத்தில் அந்த முயற்சி முறிந்துபோனது. மென்பொருளை நிறுவ 1 லட்சத்து 80 ஆயிரம், மாதக் கட்டணமாக 1 லட்சத்து 60 ஆயிரம், கார்டுகளை ஸ்கேன் செய்த இரண்டு பிள்ளைகளுக்கு மூன்று மாதச் சம்பளம் 2 லட்சத்து 40 ஆயிரம், ஸ்கேனர் 65 ஆயிரம். எல்லாமாக 6 லட்சத்து 45 ஆயிரம் ரூபா. அதை விட, அந்த நாட்களில் ஒரு அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டு ஒன்று இன்றும் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். இதே வேலையில் இறங்கப்போகும் வைத்தியர்களிடம், அந்த நாளில் எனக்கு எவரும் சொல்லாதவற்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மாற வேண்டும் என்று நினைத்தது சரியான காரணத்துக்காகத்தான். 6,400 கார்டுகள் அலுமாரியில் இருந்தன. ஒரு நாளைக்கு மூன்று நான்கு பேருடைய கார்ட் கிடைக்காது. புதுக் கார்ட் போடுவோம். ஒரே ஆளுக்கு மூன்று கார்ட் ஆகிவிடும். சீனி வருத்தக்காரர் எத்தனை பேர் என்னிடம் வருகிறார்கள், அவர்களில் யாருக்கு ஆறு மாதமாக எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்கவில்லை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வந்தவரைப் பார்த்தேன், வராதவர் யார் என்றே தெரியவில்லை. அந்த வராதவர்களுக்காகத்தான் கணினி வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படியே நினைக்கிறேன்.

முதல் பிழையை வாங்கும்போதே செய்தேன். மென்பொருளைக் காட்ட வந்தவர்கள் திரையைக் காட்டினார்கள்: வர்ணம், வரைபடம், துண்டு அச்சாகி வருவது. உள்ளே போடும் தரவை எப்படி வெளியே எடுப்பது என்று நான் கேட்கவேயில்லை. ஒப்பந்தம் நான்கு பக்கம். அதில் "தரவு" என்ற சொல் ஒரு தடவைதான் வந்தது, அதுவும் சேமிப்பிட அளவு பற்றி. மாதக் கட்டணம் 7,500 ரூபா என்று பேசி முடித்தோம். 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி விழத் தொடங்கியது. 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமாகும்போது 360 ஆனது. அவர்களுடைய சேவையகம் வெளிநாட்டில், டொலரில் வாடகைக்கு இருந்தது. மே மாதத்திலிருந்து என் கட்டணம் 13,000 ஆனது. அவர்களைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை, அவர்களும் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் சேவையகம் எங்கே இருக்கிறது, எந்த நாணயத்தில் காசு கட்டுகிறீர்கள், கட்டணம் எத்தனை வீதத்துக்கு மேல் கூடினால் நான் விலகலாம் என்ற மூன்றையும் முதலே கேட்டு எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது பிழை, 6,400 கார்டுகளையும் ஸ்கேன் செய்யலாம் என்று முடிவெடுத்தது. எல்லாம் உள்ளே வந்துவிட்டால் நிம்மதி என்று நினைத்தேன். ஸ்கேன் செய்த கார்ட் வெறும் படம். அதைத் தேட முடியாது, அதிலிருந்து எச்சரிக்கை வராது, பட்டியல் எடுக்க முடியாது. ஒரு நோயாளி முன்னால் இருக்கும்போது எட்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, திருப்பி, பெரிதாக்கி என் கையெழுத்தை நானே வாசிக்க வேண்டியிருந்தது. கார்டைக் கையில் எடுத்தால் ஐந்து விநாடியில் தெரிந்துவிடும் விடயம் அது. பிறகு கணக்குப் பார்த்தபோது அந்த 6,400 பேரில் 2,300 பேர்தான் 14 மாதத்துக்குள் வந்திருந்தார்கள். மற்றவர்கள் வெளிநாடு போனவர்கள், வீடு மாறியவர்கள், காலமானவர்கள், ஊரிலிருந்து வந்து லொட்ஜில் தங்கி ஒரு தடவை மட்டும் காட்டிவிட்டுப் போனவர்கள். ஸ்கேனுக்குச் செலவழித்த காசில் பாதிக்கு மேல் இனி ஒருபோதும் திறக்காத படங்களுக்கே போனது.

ஸ்கேன் செய்த படங்களை ஆட்களோடு பொருத்தும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். தர்ஷினி என்ற ஒரு பெயரை ரி, ரிஎச், டி, டிஎச் என்று நான்கு தொடக்கத்தில் எழுதியிருந்தார்கள். தகப்பன் பெயர் முன்னுக்கு வரும் நம் வழக்கத்தில், "முதற்பெயர்", "குடும்பப்பெயர்" என்ற இரண்டு பெட்டிகளில் எதை எதில் போடுவது என்று வரவேற்பில் இருக்கும் பிள்ளைக்கே ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு முடிவு. திருமணமானபின் முதலெழுத்து மாறிய பெண்கள் இரண்டு ஆட்களாகப் பதிவானார்கள். தொலைபேசி இலக்கத்தால் தேடலாம் என்றால், ஒரு மகனுடைய இலக்கத்தின் கீழ் தாய், தகப்பன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர். ஆகவே அடையாள அட்டை இலக்கத்தைப் பிடித்தோம். அதிலும் மூன்று பொறி இருக்கிறது, மூன்றிலும் நாங்கள் விழுந்தோம்.

முதலாவது, ஒரே ஆளுக்குப் பழைய இலக்கம், புதிய இலக்கம் என்று இரண்டு இருக்கலாம். பழையது ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும். புதியது 12 இலக்கம். பழையதின் முன்னால் 19 போட்டு, முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பிறகு ஒரு பூச்சியத்தைச் செருகி, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதியது வரும். மென்பொருள் இந்த மாற்றத்தைத் தானே செய்து ஒப்பிட வேண்டும். எங்களுடையது செய்யவில்லை, ஆகவே பழைய அட்டையோடு ஒரு பதிவு, புதிய அட்டையோடு இன்னொரு பதிவு. இரண்டாவது, பிறந்த திகதி. அடையாள அட்டை இலக்கத்தில் ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். இந்த எண்ணிக்கை எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரியை 29 நாளாகவே எடுக்கிறது. 1985 மார்ச் 10இல் பிறந்தவருக்கு 070 என்று இருக்கும். நெட்டாண்டல்லாத ஆண்டில் 70ஆவது நாளை மென்பொருள் சாதாரணமாகக் கணக்கிட்டால் மார்ச் 11 என்று வரும். ஒரு நாள்தானே என்று விடமுடியாது. வைத்தியசாலை அறிக்கையில் 10, என் பதிவில் 11 என்றால் திகதியை வைத்து இரண்டையும் பொருத்த முடியாமல் போகும். மூன்றாவது, எக்செல். வரவேற்பில் இருந்த பட்டியலை எக்செலில் திறந்து சிஎஸ்வி (வெறும் எழுத்தாக உள்ள அட்டவணை) கோப்பாகச் சேமித்துக் கொடுத்தோம். 12 இலக்க எண்ணை எக்செல் சுருக்கி, 1.985 என்று தொடங்கி ஈ எழுத்தும் 11உம் போட்டுக் காட்டும். சிஎஸ்வியாகச் சேமித்தால் அந்தச் சுருக்கம்தான் கோப்பில் பதியும், மிச்ச இலக்கங்கள் திரும்பி வரா. தொலைபேசி இலக்கத்தின் முதல் பூச்சியமும் அப்படியே பறந்துவிடும். 3ஆம் திகதி 4ஆம் மாதம் என்று எழுதியது, கணினியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 4ஆம் திகதி 3ஆம் மாதமாகிவிடும். கோப்பை இரட்டைத் தட்டில் திறக்கவே கூடாது. தரவை உள்வாங்கும் வழியால் திறந்து, இலக்கம், தொலைபேசி, திகதி மூன்று நிரல்களையும் "எழுத்து" வகை என்று முதலே குறித்தால் இது நடக்காது. இந்த ஒரு வரியை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஐந்து கிழமை மிஞ்சியிருக்கும்.

தமிழிலேயே பெயரை வைத்திருந்தால் என்ன என்று கேட்பீர்கள். பழைய பட்டியலில் ஒரு பகுதி தமிழில்தான் இருந்தது, ஆனால் பாமினி எழுத்துருவில். பாமினியில் தட்டியது கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு இல்லாத இடத்துக்குப் போனதும் பெயர்கள் எல்லாம் குப்பையாகத் தெரிந்தன. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிய பிறகு நூறு பெயரையாவது கண்ணால் பார்த்துச் சரிபிழை பாருங்கள். இப்போது என் பதிவில் பெயருக்கு இரண்டு பெட்டி: அடையாள அட்டையில் உள்ளபடி ஆங்கிலத்தில் ஒன்று, யூனிகோடுத் தமிழில் ஒன்று. பிள்ளைகளுக்கு அடையாள அட்டை இல்லாததால் பிறந்த திகதியும் தாயின் இலக்கமும். அரச வைத்தியசாலைக் கிளினிக் கொப்பியில் பிஎச்என் (தனிநபர் சுகாதார இலக்கம்) என்ற 11 இலக்க எண் ஒட்டியிருந்தால் அதையும் பதிந்துவிடுவோம். ஆளை உறுதிப்படுத்தும்போது "நீங்கள் செல்வராணிதானே?" என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். காது மந்தமானவர்கள், பதறிப்போய் வந்தவர்கள் எதற்கும் "ஓம்" என்பார்கள். "உங்கட முழுப்பேரையும் பிறந்த திகதியையும் சொல்லுங்கோ" என்று கேட்டால்தான் ஆள் சரி.

இனி அந்த அம்மாவின் விடயம். 2022 ஜூலை. அறுபது கடந்தவர், இருபது வருடமாக என்னிடம் வருபவர். காலில் செல்லுலைட்டிஸ் என்ற தோல் கிருமித் தொற்று, சிவந்து வீங்கியிருந்தது. திரையில் ஒவ்வாமை என்ற இடத்தில் "இல்லை" என்று பச்சை எழுத்தில் இருந்தது. கிளொக்சசிலின் என்ற அன்டிபயோட்டிக் மருந்தை எழுதினேன். அவர் வெளியே போய் மருந்து கொடுக்கும் இடத்தில் நின்றபோது, அங்கே இருந்த பிள்ளை வழக்கம்போல் கேட்டிருக்கிறாள்: "அம்மா, உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதோ?" அவர் சொன்ன பதில் கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது. "பென்சிலின் ஊசி போட்டு நான் விழுந்துபோனது டொக்டருக்குத் தெரியும்தானே, பிள்ளை."

டொக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கார்டைத் தேடி எடுத்தேன். மேல் வலது மூலையில் சிவப்பு மையில் "பென்" என்று எழுதி, சுற்றி வட்டம் போட்டிருந்தேன், என் கையாலேயே. கைகால் சோர்ந்துவிட்டது. அன்று இரவு மற்றவர்கள் போனபின் இது எப்படி நடந்தது என்று ஒவ்வொரு படியாகப் பார்த்தேன். ஸ்கேனரைக் கறுப்பு வெள்ளை முறையில் வைத்திருந்தோம், கோப்பு சிறிதாகட்டும் என்று. மங்கிய சிவப்பு மை அந்த முறையில் வெள்ளையாகவே போய்விட்டது. திரையில் அந்த மூலை வெறுமையாக இருந்தது. படத்தைப் பார்த்துத் தரவு தட்டிய பிள்ளை ஒவ்வாமைப் பெட்டியை வெறுமையாக விட்டாள், அவளிடம் பிழையில்லை. மென்பொருளோ வெறுமையான பெட்டியை "இல்லை" என்று காட்டும்படி எழுதப்பட்டிருந்தது. இன்னும் ஒன்றையும் சோதித்துப் பார்த்தேன்: பெட்டியில் "பென்" என்று தட்டியிருந்தாலும் கிளொக்சசிலினை அது தடுத்திருக்காது. அது சொல்லுக்குச் சொல் பொருத்துமே தவிர, கிளொக்சசிலின் பென்சிலின் குடும்பம் என்று அதற்குத் தெரியாது.

ஆகவே மென்பொருள் பார்க்கப் போகிறவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள். சோதனைக்காக ஒரு ஆளை உருவாக்கி, ஒவ்வாமைப் பெட்டியைத் தொடாமல் விடுங்கள். திரை "கேட்கப்படவில்லை" என்று சொல்ல வேண்டும். "இல்லை" என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கேட்கப்படவில்லை, கேட்டோம் ஒன்றுமில்லை, இன்ன மருந்துக்கு உண்டு என்ற மூன்று நிலைகளும் வேறு வேறாக இருக்க வேண்டும். உண்டு என்றால் எந்த மருந்து, என்ன நடந்தது (தோல் தடிப்பா, மூச்சு முட்டியதா, மயங்கி விழுந்தாரா), எப்போது, சொன்னது யார் என்ற நான்கும் பதிய வேண்டும். வயிற்றோட்டத்தையும் ஒவ்வாமை என்று பதிந்து வைத்தால் நாளைக்கு ஒருவருக்குத் தேவையான மருந்து வீணாக மறுக்கப்படும். அடுத்து, பென்சிலின் ஒவ்வாமை என்று பதிந்துவிட்டு அமொக்சிசிலின், கோ-அமொக்சிக்லாவ், கிளொக்சசிலின், ஃபெனொக்சிமெதில் பென்சிலின் நான்கையும் எழுதிப் பாருங்கள். நான்குக்கும் தடை வர வேண்டும். பிறகு அதே மருந்துகளை வர்த்தகப் பெயரில் எழுதிப் பாருங்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று தெரிந்தது. மாதத்துக்கு மாதம் வேறு கம்பனியின் பெட்டி வந்தது. எங்கள் மென்பொருளின் மருந்துப் பட்டியல் வர்த்தகப் பெயர்களால் ஆனது. புதுப் பெயர் ஒவ்வொன்றையும் வரவேற்புப் பிள்ளை கையால் சேர்த்தாள், உள்ளடக்கம் போடாமல். பட்டியல் மூலப்பெயரில் இருந்து, வர்த்தகப் பெயர் அதன் கீழ் தொங்க வேண்டும்.

சிறு பிள்ளைகளின் பாணி மருந்துகளில் செறிவும் சேர்ந்து வர வேண்டும். பரசிற்றமோல் பாணி 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ளதும் 250 மில்லிகிராம் உள்ளதுமாகக் கடையில் இருக்கிறது. 10 கிலோ பிள்ளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம்படி 150 மில்லிகிராம், முதலாவதில் 6.25 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. துண்டில் மில்லி மட்டும் அச்சாகி, கடையில் மற்றப் போத்தலைக் கொடுத்தால் இரண்டு மடங்கு போய்விடும். துண்டில் மில்லிகிராம், செறிவு, மில்லி மூன்றும் அச்சாக வேண்டும். நிறையையும் எப்போது நிறுத்தது என்ற திகதியோடு காட்ட வேண்டும். எங்களுடையது போன வருட நிறையை இன்றைய நிறைபோல் எடுத்துக் கணக்குப் போட்டது.

எச்சரிக்கைகளைப் பற்றி ஒன்று. கூட வந்தால் பாதுகாப்புக் கூடும் என்று எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தேன். ஒரு பின்னேரத்தில் அறுபது எழுபது சிவப்புப் பெட்டிகள் வந்து விழும். பத்தாம் நாள் விரல் தானாகவே "சரி"யை அமுக்கத் தொடங்கிவிட்டது, கண் வாசிப்பதில்லை. இப்போது நான்கு வகைக்கு மட்டும் திரை மறித்து நிற்கும்: ஒவ்வாமை, கர்ப்பம், ஒரே மருந்து இரண்டு தடவை, இரத்தம் உறையாமல் கொடுக்கும் வார்ஃபரினோடு மெட்ரோனிடசோல் என்ற அன்டிபயோட்டிக் போன்ற உயிராபத்தான சேர்க்கைகள். மற்றவை ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். மறித்து நிற்பவற்றைத் தாண்ட வேண்டுமென்றால் காரணம் தட்ட வேண்டும்.

சோதனை முடிவுகளில் அலகைக் கவனியுங்கள். ஒரு ஆய்வுகூடம் குளுக்கோசை மில்லிகிராமில் தரும், இன்னொன்று மில்லிமோலில்; 126 என்பதும் 7.0 என்பதும் ஒன்றே, 18ஆல் பிரித்தால் வரும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் 1.2 மில்லிகிராம் என்றால் 106 மைக்ரோமோல். எச்பிஏ1சி 7 வீதம் என்றால் 53 மில்லிமோல். அலகு கேட்காமல் எல்லாவற்றையும் மில்லிகிராமாக எடுக்கும் குளுக்கோஸ் பெட்டியில் ஒரு நாள் 7.2 என்று தட்டினார்கள். வரைபடம் பாதாளத்துக்கு இறங்கியது. அந்தச் சீனி அளவில் ஒருவர் நடந்து வந்திருக்க முடியாது. இது கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாதது, அலகு மாறியதால் சிறுநீரகம் மோசமாவது மறைந்துபோவது. எண்ணுக்குப் பக்கத்தில் அலகு கட்டாயம், நம்பமுடியாத எண் வந்தால் பெட்டி ஏற்க மறுக்க வேண்டும்.

பட்டியல் எடுக்க வேண்டும் என்றுதானே இதில் இறங்கினேன். ஆறாம் மாதம் சீனி வருத்தக்காரர் பட்டியலை எடுக்கப் போனேன். நோய் என்ற இடத்தில் நான் தட்டியிருந்தவை: டிஎம் (நீரிழிவு), டிஎம் முன்னால் ஒரு கேள்விக்குறி, என்ஐடிடிஎம் (இன்சுலின் தேவைப்படாத நீரிழிவு), "தாய்க்கு டிஎம்", "டிஎம் இல்லை". தேடினால் எல்லாம் சேர்ந்தே வந்தன. சாதாரண வசனமாகத் தட்டுவது பேச்சைப் பதிய நல்லது, எண்ணுவதற்கு உதவாது. இப்போது குடும்ப வைத்தியத்துக்கென்றே உள்ள ஐசிபிசி-2 குறியீட்டில் முப்பது மட்டும் எடுத்து ஒரு தட்டில் வைத்திருக்கிறேன்: இன்சுலின் தேவைப்படாத நீரிழிவுக்கு ரி90, சிக்கலற்ற உயர் குருதி அழுத்தத்துக்கு கே86, ஆஸ்துமாவுக்கு ஆர்96. ஒரு ஆளுக்கு ஒரு தடவை போட்டால் போதும்.

அறைக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும். கார்டில் எழுதும்போது ஒருவருக்கு ஆறு நிமிடம் போனது. கணினியில் முதல் மாதம் பதினொன்று. எட்டு மணிக்கு முடிய வேண்டிய கிளினிக் பதினொரு மணி தாண்டி முடிந்தது. நான் தட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு தாய் மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். நிமிர்ந்து "சொல்லுங்கோ" என்றேன். "இல்ல டொக்டர், நீங்கள் வேலையைப் பாருங்கோ" என்றார். அந்தப் பேச்சு அன்றைக்குத் திரும்பி வரவில்லை. 2016இல் அமெரிக்காவில் 57 வைத்தியர்களைக் கூட இருந்து கவனித்த ஆய்வொன்று, நோயாளியோடு நேரே செலவழிக்கும் ஒரு மணித்தியாலத்துக்குக் கணினியும் மேசை வேலையுமாகக் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் போவதாகக் கண்டது. பணக்கார நாட்டுக்கே அது என்றால் நமக்கு என்ன. மேசையைத் திருப்பி, திரை எனக்கும் நோயாளிக்கும் இடையில் மறிக்காமல் பக்கவாட்டில் இருவருக்கும் தெரிய வைத்தேன். முதல் இரண்டு நிமிடம் கை விசைப்பலகையில் படாது. பிரஷர், நிறை, இப்போது குடிக்கும் மருந்து மூன்றையும் தாதி வெளியிலேயே பதிந்து விடுவார். புது முறை தொடங்கும் முதல் இரண்டு கிழமைக்குப் பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கையை 40இலிருந்து 25ஆகக் குறையுங்கள். வருமானம் குறையும்தான், அதையும் செலவுக் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

மின்வெட்டு. 2022 மார்ச் 31இல் 13 மணித்தியாலம் வெட்டியது ஞாபகமிருக்கும். என்னிடம் இருந்தது 650 விஏ யூபிஎஸ். மேசைக் கணினியும் திரையும் 100 வொட் இழுத்தால் அது இருபது நிமிடமளவில் தாங்கும், கணினியை ஒழுங்காக அணைப்பதற்குத்தான் அது. இப்போது யூனிட்டி பிளாசாவில் வாங்கிய மடிக்கணினி இரண்டு, றூட்டருக்கு 12 வோல்ட் சிறு யூபிஎஸ் ஒன்று. அதற்கும் மேல், மேசை இலாச்சியில் ஐம்பது அச்சடித்த தாள்: பெயர், பிறந்த திகதி, ஒவ்வாமை, முறைப்பாடு, மருந்து, பார்த்த நேரம். கரண்ட் வந்த அன்றிரவே அவற்றை உள்ளே தட்ட வேண்டும், தட்டிய நேரத்தைப் போடாமல் பார்த்த நேரத்தைப் போட்டு. தாளில் சிவப்புக் கோடு போட்டால் ஏறியாயிற்று என்று அர்த்தம்.

2023 பெப்ரவரி கடைசியில் அந்த நிறுவனம் சேவையை நிறுத்துவதாக மின்னஞ்சல் வந்தது, 14 நாள் அவகாசத்தோடு. தரவைத் தந்தார்கள்: ஒரு ஆளுக்கு ஒரு பிடிஎஃப், 2,300 கோப்பு. கோப்பின் பெயராக மென்பொருளின் உள் இலக்கம் மட்டும். எந்த இலக்கம் யார் என்ற பட்டியல் கிடையாது. திறந்து பார்த்தால்தான் ஆள் தெரியும். மனைவியும் நானும் ஒன்றரை மாதம் இரவிரவாக இருந்து பெயர் மாற்றினோம். ஒப்பந்தத்தில் இரண்டு வசனம் இருந்திருந்தால் போதும்: எந்த நேரத்திலும் நானே முழுத் தரவையும் சிஎஸ்வியாகவோ, மருத்துவத் தரவைப் பரிமாறுவதற்கென்று உள்ள ஃபயர் (FHIR) தரத்திலோ இறக்கிக்கொள்ளலாம், சேவை முடிந்தால் 90 நாள் வரை அந்த வழி திறந்திருக்கும். வாங்குவதற்கு முன் இருபது போலி ஆட்களைப் பதிந்து, இறக்கி, வேறொரு கணினியில் திறந்து, மருந்தும் திகதியும் அலகும் அப்படியே வருகிறதா என்று பாருங்கள்.

காப்புப் பிரதியும் இதோடு சேர்ந்தது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று கிளினிக்குக்கு வெளியே. அவற்றில் ஒன்றாவது கணினியிலிருந்து கழற்றி வைத்திருக்க வேண்டும். செருகியே இருக்கும் டிஸ்கை கப்பம் கேட்கும் வைரஸ் சேர்த்தே பூட்டிவிடும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க மேகச் சேவையை அப்படித்தான் தாக்கினார்கள். மே 17இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குப் பிரதி இருக்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, பிரதியை வேறு கணினியில் மீட்டுப் பார்த்து, ஐந்து ஆட்களின் பதிவைத் திறந்து பார்க்கிறேன். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்பவே வேண்டாம்.

இரண்டாம் தடவை 2023 ஜூனில் தொடங்கினேன். ஒரு கார்டையும் ஸ்கேன் செய்யவில்லை. ஆள் வரும் அன்றைக்கு ஐந்து விடயம் மட்டும் ஏறும்: அடையாளம், ஒவ்வாமை, நீடித்த நோய்கள், இப்போதைய மருந்துகள், கடைசி முக்கிய அளவுகள். ஒவ்வாமையை நானே வாயால் கேட்டு நானே பதிவேன், அதை யாரிடமும் விடுவதில்லை. கார்டில் நீல ஒட்டுத்தாளும் திகதியும். கார்ட் அலுமாரியிலேயே இருக்கும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துப் பேர் ஏறினார்கள். ஒன்பது மாதத்தில் அடிக்கடி வருபவர்கள் எல்லாரும் உள்ளே. ஒருவருக்கு இப்போது ஏழு நிமிடம்.

ஆளுக்கு ஆள் தனிக் கடவுச்சொல். முன்பு எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்ததால், அந்த அம்மாவின் பதிவை யார் தொட்டது என்று பார்க்கவே முடியவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையாக வைத்திருக்கிறது. அதற்கு முன்பே அது நம் கடமைதான். இரண்டு நிமிடம் தொடாவிட்டால் திரை பூட்டும். இரத்தப் பரிசோதனை அறிக்கைகளைக் கிளினிக் ஆட்களின் சொந்த வாட்ஸ்அப்பில் வாங்குவதை நிறுத்தினோம்; பொதுக் காத்திருப்பு இடத்தில் பெயரைக் கூப்பிடலாம், வருத்தத்தைச் சொல்லக் கூடாது.

அந்த அம்மாவுக்கு, தமிழில் பெரிய எழுத்தில், பென்சிலின் குடும்ப மருந்துகள் எவையும் கூடாது என்று அச்சடித்து, லமினேட் செய்து கொடுத்தேன். பணப்பைக்குள் வைத்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டபோது என் கையைப் பிடித்து, "அதுதானே பிள்ளை கேட்டாள், விடுங்கோ" என்றார். மருந்து கொடுக்கும் இடத்தில் அந்தக் கேள்வி இன்றும் ஒவ்வொருவரிடமும் கேட்கப்படுகிறது. கணினி சரியாக வேலை செய்யும் நாளிலும்.

போன மாதம் ரி90 குறியீட்டில் பட்டியல் எடுத்தேன். 212 பேர். ஆறு மாதத்துக்கு மேல் எச்பிஏ1சி பார்க்காதவர்கள் 31. வரவேற்பில் இருக்கும் தங்கச்சி மத்தியானத்தில் ஒவ்வொருவராக அழைப்பு எடுக்கிறாள். நான்கு பேர் வெளிநாடு போய்விட்டார்கள், இருவர் காலமாகிவிட்டார்கள், அது எனக்குத் தெரியாது. பதினெட்டுப் பேர் வந்து இரத்தம் கொடுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு 11.4. மிச்சம் ஏழு பேர். அவர்களுடைய இலக்கங்கள் வேலை செய்யவில்லை. பழைய கார்டில் வேறு இலக்கம் இருக்கிறதா என்று இன்று பின்னேரம் அலுமாரியைத் திறந்து பார்க்க வேண்டும்.